சொல்லிவிட்டுப் போகணும்

சௌந்திரம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாரும் "போறேன்" என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுக் குப்பாயி ஒருநாள் மோர் வாங்கிக்கொண்டு, அவசரத்தில், "நான் போறேன் சௌந்திரம், அடுப்புல பருப்புக் கெடக்குது" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, "வாரேன்" என்று வாயால் வந்த பிறகுதான் விட்டாள். அதற்குள் குப்பாயி வீட்டுப் பருப்பு கருகித் தெரு முழுக்க நாறிவிட்டது. குப்பாயி அன்றைக்குத் திட்டின திட்டை எழுதினால் அச்சில் ஏற்றமாட்டார்கள்.

ஊரில் எல்லோருமே "வாரேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். சௌந்திரம் அதில் ஒரு பிடி கூடுதல். கட்டினவன் அப்புசாமி சங்ககிரி லாரிக்கு டிரைவர். வண்டி ஏறினால் கல்கத்தாவோ கௌகாத்தியோ, திரும்ப ஒரு மாதமும் ஆகும், இரண்டும் ஆகும். ஏறும்போது அவன் சொல்லிவிட்டுப் போகிற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இவள் இங்கே அடுப்பு மூட்டுவாள், எருமை கறப்பாள், படுத்துத் தூங்குவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, பெற்ற மகனைப் பார்த்து, "போறேன்னு சொல்லு சாமி" என்று தன் வாயாலேயே சொல்லும்படி ஆயிற்று.

எண்பத்துமூன்றாம் வருசத்துப் பங்குனி அது. ஐப்பசியில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. சங்ககிரி மலை சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பகலெல்லாம் அனல், சாயங்காலமானால் புழுதி. சோளத்தட்டுப் போர் தீர்ந்துபோய், சௌந்திரம் எருமைக்கு வேலாந்தழையும் பனையோலையும் வெட்டிப் போட்டாள். அதைத் தின்றுவிட்டு அது கொடுத்த பாலைப் பார்த்து பால் சொசைட்டிக்காரனே இரக்கப்பட்டான். கிணறுகள் ஒவ்வொன்றாகப் பாறையைக் காட்டின. அவள் அண்ணன் பெரியசாமி தோட்டத்துக் கிணற்றில் மட்டும் ஊற்றுக்கண் அடைபடவில்லை. வந்த வினையெல்லாம் அந்த ஊற்றுக்கண்ணால் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், மகன் செங்கோட்டையன் பட்டறையிலிருந்து வந்தான். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் அவனுக்கு வேலை. தேக்குப் பலகையைத் தோளில் ஏற்றி ஏற்றி, முன்பெல்லாம் இரவில் "ஐயோ அம்மா" என்று முனகிக்கொண்டு படுத்திருப்பான். இப்போது இரண்டு ஆள் தூக்குகிற பலகையை ஒற்றையில் தூக்குகிறான். அந்த உடம்பு பானைத் தண்ணீரில் நான்கு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்து, களித் தட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தொடாமலே இருந்தது.

"ஏஞ்சாமி, களி ஆறிப்போச்சுன்னா தொண்டைக்குள்ள எறங்காது. கைய வெய்யி."

"வேண்டாம்மா."

"கொள்ளுப் பருப்புக் கடஞ்சிருக்கறேன், உனக்குப் புடிக்குமேன்னு. நேத்தும் இப்பிடித்தான் தட்டத்த நவுத்தி வெச்சே. ஒடம்புக்கு ஆகலியா?"

"ஒடம்புக்கு என்ன? கல்லாட்டத்தான் இருக்குது."

"அப்பறம்?"

அவன் விரலால் களியில் ஒரு குழி பண்ணினான். "வெள்ளிக்கெழம காத்தால மாமந் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கறாரு."

"ஆரு, எங்கண்ணனா?"

"வாத்தியாரு."

"வாத்தியாருக்கு அங்க என்ன சோலி?"

"மாமன் மோட்டாரத் தூக்கிக் கெணத்துல போடோணுமாம். மோட்டார் ரூமப் பிரிச்சு எறியோணுமாம். எதுத்து வந்தாங்கன்னா..." அவன் நிறுத்தினான். "எதுத்து வந்தா அடிக்கோணுமாம். எல்லாரும் வந்தாகோணும்னு சொல்லிப்போட்டாரு. நானும்."

சௌந்திரம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள். ஆனாலும் திண்டாடிப்போய்விட்டாள் பாவம்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. மருதாசலம். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, 'வாயுபுத்திரன் தேகப்பயிற்சிச் சாலை' என்று போர்டு மாட்டியிருந்தார். உள்ளே கர்லாக்கட்டைகள், இரும்புக் குண்டுகள், நடுவில் குஸ்திக்கு ஒரு கோதா. காவிரி வண்டலும் செம்மண்ணும் சலித்து, நல்லெண்ணெயும் எலுமிச்சம்பழச் சாறும் விட்டுப் பிசைந்த மண். அதைப் பூசிக்கொண்டு இறங்கினால் உடம்பில் வலியே தங்காது என்பார்கள். சொல்லிக் கொடுப்பதற்கு அவர் யாரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை. பிள்ளைகளுக்கு நாமக்கல் முட்டையும் பாலும்கூட அவர் செலவுதான். சும்மா கொடுக்கிறவனைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

சேருகிற அன்றைக்கு ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ண வேண்டும். மூன்று தைப்பூசம் தாண்டுகிறவரை பயிற்சிச் சாலையை விடமாட்டேன், வாத்தியார் கூப்பிட்ட இடத்துக்கு வருவேன், இன்னும் அது இது என்று நீளமாய் அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது. கை சுடுகிற அவசரத்தில் யார் அர்த்தம் பார்த்தார்கள்? செங்கோட்டையனும் சொன்னான். முதல் வருசம் திருவிழாக்களில் கர்லா சுற்றினார்கள். இரண்டாவது வருசம் ஒரு லாரி ஷெட்டைக் காலி பண்ணப் போனார்கள். பிறகு ஒரு காட்டு வேலியைப் பிடுங்க. அடி விழுந்தவர்கள் யாரோ, எவரோ. இவன் வீட்டுக்கு வந்து களி தின்றுவிட்டுத் தூங்கினான். இப்போது அது மாமன் வரைக்கும் வந்துவிட்டது. அந்த மாமன் மகள் வசந்தாமணியைத்தான் வைகாசியில் இவனுக்குக் கட்டுவதாகப் பேச்சு.

"மாட்டேன்னு சொல்றதுதானே?" என்றாள் சௌந்திரம்.

"சொன்னம்மா. சிரிச்சாரு. 'கட்டாயமில்லீங் தம்பி. நின்னுக்கறதுன்னா நின்னுக்கங்க. ஆனா சொல்லீட்டுப் போகோணும்'னாரு."

அந்தச் சொல்லிவிட்டுப் போவது என்னவென்று ஊருக்கே தெரியும். தவணைக்கு முன்னால் விலகுகிறவன், எல்லாரும் பார்க்க, ஆஞ்சநேயர் முன்னால் நின்று "போறேன்" என்று சொல்ல வேண்டும். "வாரேன்" என்று வாய் தவறினால் செல்லாது, உள்ளேயே இருக்க வேண்டியதுதான். கேட்கச் சின்ன விசயமாய்த் தெரியும். நின்று பார்த்தால் தெரியும். பிறந்ததிலிருந்து பழகின நாக்கு, கும்பிட்டு நிமிர்ந்தால் "வாரேனுங்க வாத்தியாரே" என்றுதான் புரளும். எல்லாப் பையன்களும் ஓவென்று சிரித்து, அவனைத் தூக்கிக் கோதாவில் எறிவார்கள். எத்தனையோ பேர் அப்படியே இருந்துவிட்டார்கள்.

சரியாகச் சொன்னவன் ஒருத்தன் மட்டுந்தான். கல்லாங்குத்து ஆண்டி. "போறேன்" என்று ஓங்கிச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தான். அந்த மாதம் முடிவதற்குள் ரோட்டோரப் பாழுங்கிணற்றில் கிடந்தான். கால் இடறி விழுந்திருப்பான் என்றார்கள். வாயால் சொன்னது வந்து பலித்துவிட்டது, அந்தச் சொல் சாவைக் கொண்டுவரும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சௌந்திரம் அந்தப் பிணத்தைப் பார்த்தவள்.

மறுநாள் காலையில் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு அண்ணன் தோட்டத்துக்கு நடந்தாள். பெரியசாமி வெங்காயப் பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி இந்த மடையை அடைப்பார், அந்த மடையைத் திறப்பார். தண்ணீர் ஒல்லியாய் வந்தது. ஆனால் வந்தது. சுற்று வட்டாரத்தில் பச்சை என்று கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஒரு பாத்திதான்.

கிணறு இரண்டு பங்கு. ஒரு பங்கு பெரியசாமிக்கு. இன்னொன்று பங்காளியுடையதாயிருந்து, போன வருசம் மருதாசலம் கைக்குப் போனது. நாள் விட்டு நாள் முறைத் தண்ணீர். மழை இருந்தவரை முறை செல்லுபடியாயிற்று. இப்போது ஊறுகிற தண்ணீர் ஒரு பங்குக்குத்தான் காணும்.

"வெள்ளிக்கெழம வாராங்களாமா அண்ணா."

"வரட்டும்." பெரியசாமி தலை தூக்கவில்லை. "நாங் கெணத்த உட்டு நவுரப்போறதில்ல. எம்பட அப்பன் வெட்டுன கெணறு."

"அத்தன பேரு வருவாங்க. நீங்க ஒருத்தரு."

"ஒருத்தனா? எம் மருமவன் இருக்கறானல்லோ. அவன் வந்து எம் பக்கத்துல சும்மா நின்னாப் போதும், ஒரு பய கிட்ட வரமாட்டான்."

"அவன் அவுங்க ஆளு அண்ணா. சத்தியம் பண்ணியிருக்கறான்."

இப்போதுதான் பெரியசாமி நிமிர்ந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தங்கையைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபமிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எம் பொண்ணக் கட்டறவன் எங்கெணத்தப் பிரிக்க வருவானா சௌந்திரம்?"

"வரமாட்டான்" என்றாள். "அவன வெளீல கொண்டாந்தர்றேன். நான் பெத்தவ சொல்றேன்."

சொல்லிவிட்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். மகனை அந்த வார்த்தையைச் சொல்ல வைக்காவிட்டால் அண்ணன் உறவு அறுந்தது, அண்ணன் உயிருக்கே ஆபத்து. சொல்ல வைத்தால் ஆண்டி கிடந்த கிடை கண்ணில் வந்து நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

குப்பாயிதான் வழி சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் அடுப்புக்குப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தவள், கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அட, இதுக்கா இந்தப் பாடு? எந்தக் கெட்ட வார்த்தைக்கும் மாத்து வார்த்தை ஒண்ணு இருக்குது. அவன் 'போறேன்'னு சொல்லி வாய மூடறதுக்குள்ளார, பெத்தவ நீ 'போயிட்டு வா சாமி'ன்னு சொல்லிப்போடு. எடையில மூச்சு உடப்படாது. வார்த்தை அவம் மேல ஒட்டறதுக்குள்ள நீ தொடச்சு எடுத்தாச்சு."

"பலிக்குமா?"

"பெத்தவ வாக்குக்கு மேல என்ன இருக்குது? ஆண்டிக்கு ஆத்தா இல்ல பாரு. அதான் அவனப் புடிச்சுக்கிச்சு."

சௌந்திரத்துக்கு உயிர் வந்தது. அந்தச் சொல்லை முறியடிக்கிற சூட்சுமம் கைக்குக் கிடைத்துவிட்ட சந்தோசத்தில், வேறொன்றையும் யோசிக்கத் தோன்றவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டும்போதும், களிக்கு மாவு சலிக்கும்போதும், "போயிட்டு வா சாமி, போயிட்டு வா சாமி" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அன்றைக்கு ராத்திரி செங்கோட்டையனும் இரண்டு உருண்டை களி தின்றான்.

வியாழக்கிழமை பொழுதோடு தாயும் மகனும் போனார்கள். அந்தக் கொட்டகைக்குள் ஒரு பொம்பளை கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எண்ணெயும் வியர்வையும் எலுமிச்சையும் கலந்து வாடை அடித்தது. பையன்கள் தண்டால் எடுப்பதை நிறுத்திவிட்டு எழுந்து, துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டார்கள். அவர்களில் வீரன் என்கிற பையனை அவளுக்கு நன்றாகத் தெரியும். செங்கோட்டையனோடு பட்டறையில் வேலை செய்கிறவன், அவள் கையால் எத்தனையோ நாள் சோறு தின்றவன். "வாங்க பெரிம்மா" என்றான்.

மருதாசலம் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் செந்தூரம். மனுசன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கைக்குழந்தையைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"வாங்கம்மிணி, வாங்க. ஏம்ப்பா, நாற்காலி போடுங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க? கலரு குடிக்கறீங்களா?"

"ஒண்ணும் வேண்டாமுங்கண்ணா. பையன உட்டுருங்க."

"புடிச்சா வெச்சிருக்கறேன்?" சிரித்தார். "தாய் மாமன் விசயம். எனக்குத் தெரியாதுங்களா? நாந்தான் தம்பிகிட்டச் சொன்னனே, சங்கடமா இருந்தா நின்னுக்கங்கன்னு. சொல்லீட்டுப் போகோணும், அவ்வளவுதானுங்க."

இவ்வளவு லேசாக இருக்கும் என்று சௌந்திரம் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போனவளுக்கு, எதிராளி கும்பிட்டால் எப்படியிருக்கும்? மனதில் ஒரு ஓரம் திக்கென்றது. அந்த ஓரத்தை அவள் அமுக்கிவிட்டாள்.

சூடம் ஏற்றினார்கள். செங்கோட்டையன் கோதாவில் இறங்கி ஒரு பிடி மண்ணை மார்பிலும் தோளிலும் பூசிக்கொண்டு, படத்துக்கு முன்னால் நின்றான். விழுந்து கும்பிட்டான். எழுந்து வாத்தியார் காலைத் தொட்டான். நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தான்.

"வாரேனுங்க வாத்தியாரே."

கொட்டகையே சிரித்தது. வீரன் ஓடிவந்து இடுப்பில் கை போட்டுத் தூக்கப் பார்த்தான். செங்கோட்டையனும் வெட்கப்பட்டுச் சிரித்தான், பாவி. அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் நான்கு நாளாகப் பார்க்கவில்லை.

"சரி, அவ்வளவுதான்" என்றார் மருதாசலம். அவர் சிரிக்கவில்லை. "ஆஞ்சநேயரே உடமாட்டேங்கறாரு. என்ன பண்றதுங்கம்மிணி? வேண்டாம்னு உட்டுரலாமுங்களா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் பாத்தியில் நின்றுகொண்டு பார்த்த அண்ணன் கண் அவளைத் தள்ளியது. கையில்தான் மாற்று வார்த்தை இருக்கிறதே என்ற தைரியம் தள்ளியது.

"உட வேண்டாமுங்க. இன்னொரு வாட்டி சொல்லட்டும்" என்றாள். மகனைப் பார்த்தாள். "போறேன்னு சொல்லு சாமி."

"அம்மா..."

"நாஞ் சொல்றேன். சொல்லு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "போறேன்" என்றான்.

"போயிட்டு வா சாமி!"

மூச்சு இடைவெளிகூட விடவில்லை. கத்தியே விட்டாள். இந்தத் தடவை ஒருத்தனும் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் வந்தது சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு. அப்பாடா, துடைத்துவிட்டேன், என் பிள்ளைமேல் ஒட்டவில்லை என்று நெஞ்சு குதித்தது.

"நல்லதுங்கம்மிணி" என்றார் மருதாசலம். "மாத்து வார்த்தையெல்லாம் கொண்டாந்திருக்கறீங்க. பெத்தவங்க ஆச்சுங்களே. ஏம்ப்பா, தண்ணி கொண்டாங்க."

இரண்டு பேர் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து செங்கோட்டையன் தலைமேல் ஊற்றினார்கள். பூசியிருந்த மண் கரைந்து காலில் வழிந்து ஓடியது. ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போகிறவரை ஊற்றினார்கள்.

"எல்லாருங் கேட்டுக்கங்க" என்றார் மருதாசலம். அதே மெதுவான குரல். "சேர்ற அன்னிக்குச் சூடத்த வெச்சு எல்லாருமே சொல்லியிருக்கறோம். இந்த மண்ணப் பூசுனவன் மேல இந்த மண்ணப் பூசுனவன் கை வெக்கப்படாது. நானும் வெக்கப்படாது. தம்பி நாளைக்கு அவுங்க மாமம் பக்கத்துல போயி நின்னுருந்தா, நாம அத்தன பேருங் கையக் கட்டீட்டுத் திரும்பி வந்திருக்கோணும். சத்தியத்த மீற முடியுமா? நாலு நாளா எனக்கு இதே ரோசனை. அம்மிணி வந்து அவுத்து உட்டுட்டாங்க. இனி தம்பி வேற, நாம வேற."

சௌந்திரத்துக்கு முதலில் அது பேச்சாகவே கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு வார்த்தையாய் இறங்கியது. சும்மா வந்து நின்றால் போதும் என்று பெரியசாமி விவரம் தெரியாமல் சொன்னது எவ்வளவு நிஜம். ஆண்டியைத் தின்றது வார்த்தை இல்லை. மண் கழுவின பிறகு அவன்மேல் கை வைக்கத் தடை இல்லை, அவ்வளவுதான். இத்தனை நாளும் ஊரோடு சேர்ந்து தானும் ஒரு வார்த்தையைப் பார்த்து நடுங்கியிருக்கிறாள். மகனுக்கு இருந்த ஒரே காவலைத் தன் கையால், தன் வாயால், கத்திக் கத்திக் கழுவிவிட்டிருக்கிறாள்.

வீரனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செங்கோட்டையனையும் முகத்தில் பார்க்கவில்லை. மண் கழுவின தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கண்ணா" என்று முன்னால் போனாள். "அவன் மொதல்ல வாரேன்னுதானுங்க சொன்னான். எல்லாருங் கேட்டீங்களே. சிரிச்சீங்களே. அதையே எடுத்துக்கங்க. நாந்தாம் புத்தி கெட்டுப்போயி... நாஞ் சொன்னதெல்லாம் ஒரு பேச்சா? திருப்பிச் சேத்துக்கங்க. இன்னொருக்கா மண்ணப் பூசி உடுங்க."

"வாரேன்னுதானுங்க சொன்னாரு" என்றார் மருதாசலம். "நீங்கதான் ஒத்துக்கலீங்க."

அவள் காலில் விழுந்தாள். அவர் பதறினவர் மாதிரிப் பின்னால் நகர்ந்துகொண்டார். "ஐயோ, என்னுங்க இது, பொம்பளைங்க காலுல உழுகறது! எந்திரிங்க."

செங்கோட்டையன்தான் வந்து தூக்கினான். ஈர உடம்பு, குளிர்ந்து கிடந்தது. அவனுக்கும் எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. பெற்றவளைக் குற்றம் சொல்கிற பிள்ளை இல்லை அவன்.

"எந்திரிம்மா."

"நாளைக்கு நீ அங்க போக வேண்டாஞ் சாமி. கட்டுலுக்கடியில ஒளிஞ்சுக்க. நாங் கதவச் சாத்திக்கறேன். உங்கப்பன் வர்ற வரைக்கும்..."

"மாமன் ஒருத்தரா நிப்பாரும்மா" என்றான்.

இதற்காகத்தானே அவனை வெளியே கொண்டுவந்தாள். சேலைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டினாள். பையன்கள் விலகி வழிவிட்டார்கள்.

மரியாதை தெரிந்த மனுசன் மருதாசலம். அவர்கள் பின்னாலேயே ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தார். ரோட்டில் ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது போகிறவரை காத்திருந்து, சௌந்திரத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"போயிட்டு வாங்கம்மிணி" என்றார்.

செங்கோட்டையனும் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.